சாம்பியன் ரீப்ஸில் பகல் கச்சேரி

போன மார்கழியில் கோலார் தங்க வயலுக்குப் போய் வந்தேன். அங்கே சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து அதிகாரிகளின் கிளப்பில் ஒரு மாலை பியானோ வாசிக்கக் கடிதத்தில் அழைப்பு வந்திருந்தது. வேப்பேரியில் பல வருஷமாகப் பியானோ சொல்லித் தருகிறேன். மதராஸ் மேடைகளில் என்னை யாராவது பாடும்போது கூட வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இவர்களோ சொனாட்டா என்ற நீண்ட பியானோ உருப்படி ஒன்றை முழுதாகத் தனியே வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் வேறு நினைப்பே இல்லாமல் பழகினேன்.

இரவு மெயிலில் ஏறினால் விடியும்போது பௌரிங்பேட்டை. அங்கே சுரங்க ரயிலுக்கு மாற வேண்டும், பத்து மைல்தான். சால்வை இல்லாமல் போகாதீர்கள், பிளாட்பாரக் குளிரில் பல் கிட்டிவிடும். காப்பி கிடைக்கும், சுமார்தான்.

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து கிளப்புக்கு ஜட்கா நாலணா. ஓட்டியவர் முனியப்பன், ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். கல் இடிக்கும் ஆலையின் சத்தம் காதை அடைத்தது. "இது எப்போது நிற்கும்?" என்றேன்.

"நிக்காதும்மா. நின்னுட்டா எங்களுக்குத் தூக்கம் வராது."

கிளப் காரியதரிசியான துரை என் புடவையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தில் இருந்த எஸ்தர் என்ற பெயரை வைத்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை எதிர்பார்த்திருக்கிறார். "மேடையில் படுதா கட்டிவிடுகிறோம். பின்னாலிருந்து வாசியுங்கள்" என்றார்.

"கை தட்டும்போது?"

"எங்கள் டாக்டரின் மகள் முன்னால் வந்து வணங்குவாள்."

"படுதாவுக்குப் பின்னால் நான் வாசிப்பதில்லை" என்றேன்.

"நன்றாக யோசியுங்கள். மதராஸில் நீங்கள் பாடம் சொல்லித் தரும் வீடுகள் எங்களுக்கும் தெரிந்த வீடுகள்தான்." சாயங்காலம் வரை பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நல்ல பியானோ. நடுவில் இரண்டு கட்டைகள் மட்டும் தூசியில் ஒட்டிக்கொண்டன. துடைத்துச் சரிசெய்தேன். வெளியே காலை ஷிப்டு முடிந்து ஆட்கள் சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். மரத்தடியில் முனியப்பன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவர்களைக் கூப்பிடுங்கள். கச்சேரி இப்போதுதான்" என்றேன்.

"இப்பவா? தொரைங்க இல்லாமியா?"

"ஆமாம்."

உடம்பெல்லாம் மண்ணோடு ஆண்களும் பெண்களும் ஜன்னல்களை அடைத்து நின்றார்கள். மேடையில் நின்று என் பெயரைச் சொன்னேன். மதராஸில் பியானோ வாசிக்கிறவள் என்றேன். உட்கார்ந்து ஆரம்பித்தேன். மெதுவான பகுதியில் ஆலைச் சத்தம் தாளத்தைக் குலைத்தது. முதலில் அதோடு மல்லுக்கு நின்றேன். பிறகு அது ஒரு பக்கம் இடிக்கட்டும் என்று விட்டுவிட்டு என் பாட்டுக்கு வாசித்தேன்.

பாதியில் காரியதரிசி ஓடி வந்தார். "நிறுத்துங்கள்!"

நான் கையை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "சும்மா இருங்க தொரை, கேக்கறோம் இல்ல?" என்றது. அவர் கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

முடித்ததும் ஜன்னல்களைப் பார்த்து வணங்கினேன். அதே குரல், "கடைசியா வாசிச்சீங்களே, அத இன்னொரு வாட்டி வாசிங்கம்மா" என்றது. வாசித்தேன்.

"அப்படியானால் மாலைக் கச்சேரி?" என்றார் காரியதரிசி.

"என்னுடையது முடிந்துவிட்டது" என்று மூடியைச் சாத்தினேன்.

மதராஸ் திரும்பிய ஒரு மாதத்துக்குள் நாலு வீடுகளில் பாடம் நின்றது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்; ஒரு வாரம் பியானோ பக்கமே போகவில்லை. ஆனால் அந்தப் பகலை மட்டும் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன்.

அங்கே வாசிக்கப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகப் போங்கள். தூசியில் பியானோக் கட்டைகள் ஒட்டிக் கிடக்கும். மேடையில் யார் வணங்குவது என்பதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்.

நான் மறுபடி போகிறேன். இந்தத் தடவை கூப்பிட்டது சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளிகளின் சர்ச். அங்கே பியானோ கிடையாது, பழைய ஆர்மோனியம் ஒன்றுதான். சொனாட்டா அதில் முழுதாக வராது என்று சொல்லி அனுப்பினேன்.

"வர்ற வரைக்கும் வாசிங்க" என்று பதில் வந்தது.