ஆறு கையெழுத்து போட்ட பிரேக்

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் லாரிப் பட்டறையில் ஃபோர்மேன் பதவியை முதலாளி ஒழித்துவிட்டார். அது என் பதவி. இனி என்னையும் சேர்த்து ஆறு பேர் குழுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம்.

நாங்கள் பிரேக் பார்த்துக் கொடுத்த லாரி, இன்று காலை கொல்லிமலை இறக்கத்தில் நிற்காமல் போய் மண்மேட்டில் மோதியது. டிரைவர் பட்டறைக்கு வந்து கேட்டார்.

"ஏனுங்க, பிரேக்கை யாருங்க பாத்தது?"

"எல்லாருந்தானுங்க பாத்தோம்" என்றோம்.

சோதனைத் தாளில் ஆறு கையெழுத்து. மற்றவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நானும் போட்டிருக்கிறேன்.

இந்த வாரம் அனுப்பிய மற்ற மூன்று லாரிகளையும் திரும்பக் கூப்பிடலாம் என்றேன். முதலாளி சிரித்தார்.

"அதையும் டீம்லயே பேசி முடிவு பண்ணுங்க சாமி."

பேசினோம். மற்ற ஐந்து பேரும் வேண்டாம் என்றார்கள்.

நாமக்கல்லில் இந்த வாரம் பிரேக் வேலை முடித்து வண்டி எடுத்தவர்கள், வேறு பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்து யாரை வேலையை விட்டு நிறுத்துவது என்பதையும் அந்த ஐந்து பேர்தான் முடிவு செய்வார்கள். அதனால் இந்தப் பதிவில் மட்டும் நான் கையெழுத்துப் போடவில்லை.