பசி, தூக்கம் பார்த்தவர்

வேலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பேருந்து கண்ணமங்கலத்தில் நின்றபோது செல்வியின் அழைப்பு வந்தது. முள்ளிப்பட்டிலிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு எங்கள் மையத்துக்கு வரும் தாய் அவர். எடுத்தவுடன், "மிஸ், சாப்டீங்களா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குப் போன் போட்டுக் கேட்கிற கேள்வி அல்ல அது. சாப்பிட்டேன் என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான் செல்வி. இன்னா ஆச்சு?"

"ரெஜினாக்கா போய்ட்டாங்க மிஸ்."

சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நாற்பத்து நான்கு வயது. பசியோடு இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது அவர் எங்களுக்கு வைத்த சட்டம். அவருடைய மரணச் செய்தியும் அந்தச் சட்டப்படிதான் என்னிடம் வந்து சேர்ந்தது.

ரெஜினாக்காவை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தானாக நடக்கவோ சாப்பிடவோ முடியாத பிள்ளைகளுக்கு ஆரணியில் ஒரு பகல் மையம். அதற்கு அவர் பொறுப்பாளர். படமும் எழுத்தும் சொல்லித் தருவது என் வேலை. ஏழு வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். அதில் முதல் மாதம் முழுக்கச் சண்டை.

சண்டை சாப்பாட்டைப் பற்றியது. பிள்ளைகளுக்குப் பதினொரு மணிக்குக் கஞ்சி கொடுத்துவிடுவோம். பன்னிரண்டரைக்கு, பிள்ளைகளைக் கண்ணெதிரே பாயில் படுக்க வைத்துவிட்டு, அம்மாக்களும் நாங்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இருபது நிமிடம். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கு ஊட்டுவது. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இப்படி நடக்காது. குழந்தைக்கு ஊட்டி, மற்றவர்களுக்குப் போட்டு, மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவள்தான் அம்மா. நானும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "பிள்ளைங்க பாத்துகினு இருக்கும்போது நாம சாப்புடறது கூச்சமா இருக்குக்கா" என்று சொன்னேன்.

"கூச்சமா இருந்தா செவுத்தப் பாத்துகினு சாப்புடு" என்றார்.

ஒரு மாதம் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன், கோபத்தோடு.

காரணத்தை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். மழையால் பிள்ளைகள் வராத ஒரு நாள் அது. அவர் இந்த வேலைக்கு வந்த புதிதில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு பெண் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு வாய் இறங்க ஒரு நிமிடம் ஆகும். பசியில் வயிறு எரிய, முதல் வாய் இறங்குவதற்குள் அடுத்த கரண்டியை வைத்துவிட்டார். புரையேறியது. குழந்தையின் உதடு நீலமானது. மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டித் தட்டி, எப்படியோ மூச்சு வந்தது.

"அன்னிக்கு எல்லாரும் என்னை இன்னா சொன்னாங்க தெரியுமா? பாவம், சோறு தண்ணி இல்லாம புள்ளைய பாத்துகினு இருந்தான்னு பாராட்னாங்க. அந்தப் புள்ளைய சாவடிக்கப் பாத்ததே என் பட்டினிதான். அதுக்குப் பாராட்டு."

அதன் பிறகு நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

செல்வி வந்தபோது இன்னும் கஷ்டம். மகனுக்கு ஊட்டிய தட்டில் மிஞ்சியதை மூன்று மணிக்குச் சாப்பிடுவதுதான் அவர் வழக்கம். முதல் நாள் ரெஜினாக்கா ஒரு தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தார்.

"புள்ள சாப்புடாம எனக்கு எப்படிக்கா எறங்கும்?"

"மொத வாய் எறங்காது. ரெண்டாவது வாய் எறங்கும். நானும் பாத்துட்டேன்."

"எங்க மாமியாளுக்குத் தெரிஞ்சா வூட்ட வுட்டே தொரத்திடும்."

"உன் மாமியாளையும் கூட்டினு வா. அதுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். செல்வி அழுதார். பிறகு சாப்பிட்டார். ரெஜினாக்கா ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அழுகிறவர்களைப் பார்த்து, குழம்பு போதுமா என்றுதான் கேட்பார். அந்த முரட்டுத்தனம் சிலருக்குப் பிடிக்காமல் மையத்தை விட்டே போனார்கள். அதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. செல்வி இருந்தார். ஒரு மாதத்தில் அவர் மகன் தீபக் புரையேறாமல் சாப்பிடத் தொடங்கினான். பையனின் தொண்டை மாறவில்லை. ஊட்டிய கையிலிருந்து அவசரம் போயிருந்தது. "ஜல்தி ஜல்தின்னு ஊட்டாத. தொண்டைக்கு ஜல்தி தெரியாது" என்பது ரெஜினாக்கா அடிக்கடி சொன்னது. இரவு தூங்காமல் வருகிற அம்மாவை ஊட்ட விடாமல் முதலில் படுக்கச் சொல்வார்.

வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வந்த ஒரு நாளும் நினைவிருக்கிறது. பதினான்கு வயதுப் பையன் ஒருவனை நாற்காலிக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்கு நான் வரும்வரை தொடவில்லை. "தனியா தூக்க மாட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "தூக்குவேன் சார். இடுப்பு புடிச்சிகினா நாளைக்கு யாரு தூக்குவாங்க?" என்றார். விருந்தினர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் அவர் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதையும் ஊர் அப்படித்தான் பார்த்தது. சனிக்கிழமை பிற்பகல்களில் தேவிகாபுரம் பாதையில் தனியாக ஓட்டிப் போவார். எதற்கு என்று கேட்டால், "சும்மா" என்பார். சும்மா போய் வருகிற பெண்ணை எங்கள் ஊர் சுயநலக்காரி என்றது. அவர் காதுபடவே சொன்னது.

அதே ஊர்தான் அடக்கத்தன்று மையத்தின் வாசலில் பேனர் கட்டியது: "பசி, தூக்கம் பாராமல் பிறருக்காக உழைத்த தியாகச் சுடரே!"

ஏழு வருடம் பசியையும் தூக்கத்தையும் தவிர வேறெதையும் முதலில் பார்க்காத ஒருவருக்கு இந்த வரி. வந்தவர்கள் படித்துக் கண் கலங்கினார்கள். உறவினர் ஒருவர் என்னிடம், "ஒடம்ப இவ்ளோ பாத்துகினவளே போய்ட்டா. பாத்து இன்னா பிரயோஜனம்?" என்றார். சாகாமல் இருப்பதற்காக அவர் சாப்பிடவில்லை. அடுத்த கரண்டியை நிதானமாக வைப்பதற்காகச் சாப்பிட்டார். அன்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுவாரம் வாய் வந்தது. மையத்தின் செயலாளர் ஒரு புதிய பலகை கொண்டுவந்தார். ரெஜினா அவர்களின் நினைவாக, இனி மையம் மதிய இடைவேளையின்றி இயங்கும் என்று அதில் எழுதியிருந்தது. செயலாளர் கெட்டவர் அல்ல. கல்லறையில் எங்களைவிட அதிகம் அழுதவர்.

"அவங்க தியாகத்த நாம கொண்டாட வேணாமாம்மா?" என்றார்.

"அவங்க தியாகம் பண்ணல சார். வேலை பண்ணாங்க. இந்த இருபது நிமிஷமும் சேந்ததுதான் அந்த வேலை."

"செத்தவங்களப் பத்தி இப்படிப் பேசலாமா?"

"செத்தவங்களப் பத்திப் பொய் எழுதலாமா சார்?"

வாழ்க்கையில் நான் யாரிடமும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பலகை மாட்டப்பட்டது.

திங்கட்கிழமை வந்தபோது பேனரில் ஒரு சொல் மாறியிருந்தது. "பாராமல்" என்ற இடத்தில் வெள்ளை சார்ட் பேப்பரை ஒட்டி, "பார்த்து" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள். செல்வியின் கையெழுத்து எனக்குத் தெரியும். பன்னிரண்டரைக்கு அவர்தான் தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்பது அம்மாக்களும் உட்கார்ந்தார்கள். பாதியில் செயலாளர் வந்து கதவருகே நின்றார். வழக்கமாக அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்துவிடுவோம். அன்று ஒருவரும் எழவில்லை.

"வாங்க சார். சாப்டீங்களா?" என்றார் செல்வி.

"இல்லம்மா, ஒரு விஷயம் பேசணும்..."

"சாப்புடாம வந்தா பேச மாட்டோம் சார். ஒக்காருங்க, தட்டு வைக்கிறேன்."

அவர் உட்காரவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். பலகை இன்னும் வாசலில் இருக்கிறது. நாங்கள் தினமும் அதன் அடியில் நடந்து உள்ளே போய், சரியாகப் பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்காருகிறோம். வருகிற புதன்கிழமை நிர்வாகக் குழு கூடி எங்களைப் பற்றி முடிவெடுக்கப் போகிறதாம். எடுக்கட்டும். அன்றும் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவோம். ரெஜினாக்காவை நேசித்தவர்கள் மாலையோடு வர வேண்டாம். அந்த நேரத்துக்கு வந்து எங்களோடு உட்காருங்கள்.

அவருடைய பொருட்களில் ஒன்றே ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்: அடியில் ஆணியால் "ரெ" என்று கீறிய எவர்சில்வர் தட்டு. அதைப் படத்துக்கு முன்னால் வைத்து நான் பூப்போடவில்லை. அதில்தான் சாப்பிடுகிறேன், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முதல் ஆளாக.