சாயம் பூசி மூடிய சன்னல்

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊரில் நாங்கள் குடியிருக்கும் பழைய மரவீட்டின் சன்னல்களை மாற்ற மனமில்லாமல், நானே சுரண்டி, ஒட்டுப்போட்டு, பச்சைச் சாயம் பூசினேன். மறுநாள் என் மனைவி, "சமையக்கட்டுச் சன்னல் ஒட்டிக்கிச்சுங்க, திறக்க வரல" என்றாள். "சாயத்தக் கீறிடாத, சும்மா இரு" என்று அதட்டினேன்.

அன்று மாலையே அடுப்பிலிருந்த எண்ணெய் பற்றிக்கொண்டு, தீ சமையக்கட்டு வாசலை மறித்துக்கொண்டது. அவள் உள்ளிருந்து சன்னலை அறைந்தாள். வெளியே நின்று இழுத்தேன், அசையவில்லை. பக்கத்துக் கடை காதர் அண்ணன்தான் பாராங் கத்தியால் நெம்பித் திறந்து, அவளைக் காயமின்றி இறக்கினார். மண்ணை வாரிப் போட்டுத் தீயை அணைத்தோம்.

"ஏன் திறக்கல?" என்று அவர் கேட்டார். நான் அணைந்த தீயின்மேல் இன்னும் மண்ணை வாரிப் போட்டேன்.

"மழைக்கு ஊறிடுச்சு அண்ணே" என்றாள் அவள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது சன்னலைத் திறந்து வைத்துத்தான் பூசுகிறேன். காயும்வரை ஆட்டிப் பார்க்கிறேன். அவள் ஒன்று சொன்னால், எழுந்துபோய்ப் பார்த்த பிறகே பதில் சொல்கிறேன்.