மானுக்குப் பழகிய குரல்

அடையாறில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் காடு. சுவர் இடிந்த இடத்தின் வழியாகப் புள்ளிமான்கள் வந்து என் செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போகும். மானை விரட்டச் சத்தம் எழுப்பும் மெஷின் ஒன்றை மகள் வாங்கி அனுப்பினாள். "நமக்குக் கேக்காதும்மா, மானுக்கு மட்டும்தான் கேக்கும்" என்றாள். கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டே தின்றன.

அந்த வருஷம்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கல்லூரியில் கடைசி பெஞ்சு வரைக்கும் மைக் இல்லாமல் பாடம் நடத்தியவர். கைகால் மெல்லத் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் டம்ளர், தட்டு என்று படம் காட்டிக் கேட்பாள். அவருக்கு உதடு அசையும், கண் நிறையும். எனக்குத் தாங்காது, சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் காலையில் அவரைப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். வந்த மான்களில் ஒன்று செடியில் வாய் வைத்தது.

"ஏய்!"

அவர்தான். அதே பழைய குரல். மான்கள் தலைதெறிக்க ஓடின. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் அழுதேன். அன்றைக்கே மெஷினைக் கழற்றி வைத்தேன். செடி போனால் போகிறது, தினமும் மான் வந்தால் போதும் என்று மயிலாப்பூர் கோயிலில் போய் வேண்டிக்கொண்டேன். அம்மன் சிரித்திருப்பாள்.

மான் வந்தது. தினமும் கத்தினார். வேறு சொல் எதுவும் வரவில்லை, ஆனால் அந்த ஒன்று இருந்தது. வெறும் சத்தம் எது, ஆபத்து எது என்று மானின் காது சீக்கிரமே பிரித்துவிடுமாம். சில வாரங்களில் அவர் கத்தினால் மான்கள் ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பிவிட்டு மேய்ந்தன. அவர் மறுபடியும் கத்தினார். முகம் சுருங்கிப் போயிற்று.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் நாற்காலிக்குப் பின்னால் மண்ணாங்கட்டியோடு நின்றேன். அவர் கத்தினார், நான் எறிந்தேன், மான்கள் ஓடின. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சில நாள் அப்படியே ஓட்டினேன்.

பிறகு ஒரு நாள் குறி தப்பி, கட்டி அவர் காலடியில் விழுந்து உடைந்தது. திரும்பி என் கையைப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்தக் கையைப் பிடித்து, மண்ணைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டார்.

அதன்பின் மான் வந்தால் கத்தாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் தின்னுடுச்சுங்க பாருங்க. ஒரு தடவை விரட்டுங்களேன்" என்று கெஞ்சினேன்.

அவர் உதட்டைக்கூட அசைக்கவில்லை.