கோணல் அலகுக் காக்கா

எங்கள் வீட்டு மாடிப்படிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி உண்டு. அதில்தான் என் கேமரா தொங்கும். 2006-ல் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா. வேலைக்குக் கிளம்பும்போது கைப்பையில் ஏறிக்கொள்ளும், திரும்பி வந்ததும் ஆணிக்குப் போய்விடும். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் பஸ். ஜன்னல் சீட்டு கிடைத்தால் புதுச்சத்திரம் பக்கம் கரண்ட் கம்பியில் பனங்காடை, ஆலப்பாக்கத்துத் தண்ணீரில் நாரை. பாதிப் படத்தில் பறவை இருக்காது, பஸ்ஸின் ஜன்னல் கம்பிதான் இருக்கும். அதற்காக நான் விட்டுவிடவில்லை. வீட்டில் குழம்பு கொதிக்கும்போது முருங்கை மரத்துக்குத் தேன்சிட்டு வந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அடிபிடித்த குழம்புக்கு அம்மாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏம்மா, மனுஷன் மூஞ்சி உன் கேமராவுல விழாதா? அதுக்கும் ரெக்க மொளைக்கணுமா?" என்பார். சரி உட்காருங்கள் என்றால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். யார் அதைப் படம் எடுப்பது?

2009-ல் அவர் போனார். அன்று காலையில் கருவாட்டுக் குழம்பு கேட்டார். பிரஷர் ஜாஸ்தி, உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அம்மா எரிந்து விழுந்தாள். "கருவாடு தின்னுதான் சாவணும்னா சாவுங்க. என் கையால ஆக்கிப் போட மாட்டேன்." அப்பா பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். மத்தியானம் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதிக்கு மறுநாள் கவுச்சிப் படையல். அம்மாவே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மொட்டை மாடிச் சுவரில் இலையை வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டோம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் காக்காக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட வரவில்லை. சொந்தக்காரர்கள் பசியோடு கீழே காத்திருந்தார்கள். வெயிலில் குழம்பு காய்ந்து ஆடை கட்டியது. கடைசியில் நான்தான் இலையை எடுத்தேன்.

"கோவமாத்தான் போயிருக்காரு. என் கையால வேணாங்கிறாரு" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்காருவாள், பிசைவாள், எழுந்துவிடுவாள். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. நான் கெஞ்சினேன், கத்தினேன். அப்பாவோடு இவளும் போய்விடுவாளோ என்று பயந்தேன். தினமும் மத்தியானம் மாடிச் சுவரில் ஒரு கை சோறு வைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காக்கா வந்தது. மேல் அலகு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சோற்றைக் கொத்தியது.

"அவருதான்டி. வாய இப்படித்தான் கோணிக்கிட்டுத் திம்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது தின்ற பிறகு அம்மா தின்றாள். தினமும் அது வரும், அதன் பிறகு அவள் சாப்பிடுவாள். நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவை நீட்டினேன். மற்ற காக்கா என்றால் பறந்திருக்கும். இது ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. படம் எடுக்காமலே கீழே இறங்கிவிட்டேன்.

முதல் வருஷத் தெவசம் வந்தது. அதுவரை வாக்காளர் அட்டைக்கு எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். யாரையோ திட்டப்போகிற முகம். "இத்தினி வருஷமா கிளிக்கு கிளிக்குன்னு எடுத்தியே, ஒண்ணுலகூடவா அவரு இல்ல?" என்று அம்மா கேட்டாள். கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் தேட உட்கார்ந்தேன்.

இருந்தது. அவர் போவதற்கு முந்தின வாரத்துத் தேதி. மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலி. பல்லெல்லாம் தெரிய அப்பா சிரிக்கிறார். "காக்காவக்கூட வுட மாட்டியா?" என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. நான் குறி வைத்தது பக்கத்துச் சுவரில் இருந்த காக்காவை. அப்பா தானாகப் படத்தில் விழுந்திருக்கிறார். அந்தக் காக்காவைப் பார்த்தேன். கோணல் அலகு.

அவர் உயிரோடு இருக்கும்போதே அது இருந்திருக்கிறது. அப்படியானால் அது அவர் இல்லை.

அம்மா இதைப் பார்த்தால் மறுபடி தட்டைத் தள்ளிவிடுவாள். ஆனால் அப்பா சிரிக்கிற படம் இது ஒன்றுதான். காக்கா இருக்கும் பக்கத்தை வெட்டிவிடலாம் என்று மவுஸை நகர்த்தினேன்.

"இரு" என்றாள் பின்னாலிருந்து அம்மா. எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை. "அது வாயில என்னடி?"

பெரிதாக்கினேன். காக்காவின் வாயில் வறுத்த நெத்திலிக் கருவாடு. அப்பாவின் மடியில் எண்ணெய் ஊறிய பேப்பர் பொட்டலம், அதில் இன்னும் கொஞ்சம்.

அம்மா திரையை ஒட்டி நின்று பார்த்தாள். "திருட்டு மனுஷன்" என்றாள். "எனக்குத் தெரியாம வாங்கித் தின்னுருக்காரு." சிரிக்க ஆரம்பித்தாள், அப்படியே அழுதாள். "ஏங்கிப் போவலடி. தின்னுட்டுதான் போயிருக்காரு."

"அப்ப இந்தக் காக்கா..." என்று இழுத்தேன்.

"இது அவரு கூட்டாளி. கூட்டாளிக்குச் சோறு போடக்கூடாதா?"

அன்று அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். காக்காவோடு சேர்த்தே படத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம். அதற்குப் பிறகு அவர் கோபத்தைப் பற்றி அவள் பேசியதில்லை.

எனக்குத்தான் அந்தத் தொடாத இலை மறக்கவில்லை. கூட்டாளி வந்துவிட்டது, அவர் ஏன் வரவில்லை? இதையெல்லாம் நம்பாதவள் நான். ஆனாலும் ஆலப்பாக்கத்தில் நாரைக் கூட்டமே இறங்கினாலும் இப்போது என் கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கம்பியில் ஒரு காக்கா இருந்தால் போதும், கை தானாகப் பைக்குள் போகிறது.

ஒருநாள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்த அம்மா, "வெறும் காக்காவா எடுத்து வெச்சிருக்கியே, எதுக்குடி?" என்று கேட்டாள்.

நான் ஒவ்வொன்றின் முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.