கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜ் அறை

டென்மார்க்கில் ஒரு காப்பி குடிப்பதென்றால்கூட, அங்கே முன்னால் போய்க் குடித்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். என் கணவர் யென்ஸ் ஒரு கிண்ணம் சூப்புக்கு அரைமணி நேரம் ரிவ்யூ படிப்பார். அதற்குள் எனக்குப் பசி போய் எரிச்சல் வந்துவிடும். எங்கள் ஊரில் டிரைவரும் கண்டக்டரும் எங்கே சாப்பிடுகிறார்களோ அதுதான் நல்ல கடை. அதற்கு மேல் யாரும் ஆராய்ந்ததில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அதே சிரத்தையோடு அவர் கள்ளக்குறிச்சியை ஆராயத் தொடங்கினார். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஊருக்குப் போகவே இல்லை. தையில் போவதென்று முடிவானதும், என் ஊரைப் பற்றி யார் யாரோ எழுதியதை அவர் படித்துச் சொல்ல, நான் உட்கார்ந்து கேட்டேன். கல்வராயன் மலை வளைவுகளில் வாந்தி வருமாம். அருவியில் தண்ணீர் இல்லையாம், ஏமாற்றமாம், இரண்டு நட்சத்திரமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் விழுகிறதா என்று கேட்காமல் இவர்களை யார் மலையேறச் சொன்னது?

என் அண்ணன் கேட்பான். சின்ன வயதில் என்னை அருவிக்குக் கூட்டிப்போகும்போது, வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து நிற்கும் பஸ்ஸின் ஜன்னலைத் தட்டுவான்.

“அண்ணே, அருவில தண்ணி வுழுதா?”

“வுழுது, ஆனா கம்மிதான்.”

“கம்மியா வுழுந்தாதான் நல்லது. எங்க பாப்பா பயப்படாம குளிக்கும்.”

வேலைக்காக விமானம் ஏறிய அன்றும் அவனுக்கு நான் பாப்பாதான். யென்ஸைக் கட்டிக்கொண்ட பிறகு அந்தச் சொல் நின்றுபோனது. எப்போதாவது போனில் மழையைப் பற்றி, கரும்பைப் பற்றிப் பேசுவான். ‘வா’ என்று மட்டும் சொல்ல மாட்டான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷமும் நான் காத்திருந்தேன்.

“அவர் வீட்டில் தங்கலாமா என்று கேட்டுவிடேன்” என்றார் யென்ஸ்.

“கேட்க முடியாது.”

“ஏன், இடம் போதாதா?”

அண்ணன் கூப்பிட்டுத்தான் தங்கை பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். கேட்டு வாங்கினால் அது அழைப்பே இல்லை. இதைத் தமிழில் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேனிஷில் சொல்ல எனக்கு வரவில்லை. “ஆமாம், இடம் போதாது” என்றேன். அவர் புரிந்ததுபோலத் தலையாட்டி, நிறைய நட்சத்திரம் வாங்கிய லாட்ஜ் ஒன்றில் அறை போட்டார்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். “தையில வரோம்ணா. பஸ் ஸ்டாண்டு கிட்ட லாட்ஜுல ரூம் போட்டுக்கிறோம்.”

“லாட்ஜா?” என்றான். “இன்னா பேரு?”

பெயரைச் சொன்னேன். “சரி” என்று வைத்துவிட்டான். அவ்வளவுதானா என்று சமையலறையில் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் யென்ஸ் போனை நீட்டினார். “உங்கள் ஊர்க்காரர் ஒருவர் புதிதாக எழுதியிருக்கிறார். ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டு, யாருக்கோ அறை தரக்கூடாது என்கிறார். மொழிபெயர்ப்பில் ஏதோ கோளாறு போல.”

பெயருக்குப் பக்கத்தில் சின்னப் படம். கரும்புக்கு நடுவே அண்ணன், தலையில் நரையோடு. கீழே தமிழில் இருந்தது:

“நேர்ல போயி பாத்தேன். ரூமு சுத்தமா கீது. தண்ணி ஜாஸ்தியா வருது. ஓனரு நல்ல மனுசன். ஆனா தை மாசம் எங்க பாப்பா வந்து கேட்டா மட்டும் ரூமு குடுக்காதீங்க. அதுக்கு வூடு இருக்குது. மாப்ளைக்கும்தான்.”

“கோளாறு ஒன்றுமில்லை, சரியாகத்தான் இருக்கிறது” என்றேன். எழுதியது யார், அந்தப் ‘பாப்பா’ யார் என்று சொன்னதும் யென்ஸ் அறையை ரத்து செய்தார். பிறகு, அண்ணன் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

காட்டலாம் என்று போனில் வரைபடத்தைத் திறந்தேன். விரல் தானாகப் போய், எங்கள் டென்மார்க் வீட்டுக்கு எப்போதோ குறித்துவைத்திருந்த ‘வீடு’ என்பதை அழுத்தியது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சோபாவை விட்டு எழுந்திருக்காத என்னிடம், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது அது.