ஏழாம் மாதத்து நீச்சல்

என் தம்பி மனைவியை எங்கள் தையல் கடையில் எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். அப்படி ஒரு மெலிவு, அப்படி ஒரு நாக்கு. நான் துணி வெட்டுகிறவள், அவள் தைக்கிறவள். ஏழாம் மாதத்தில் வயிறு மெஷின் பலகையில் இடிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்தபோது நாற்காலி ரத்தத்தில் நனைந்திருந்தது. அதை நான்தான் கழுவினேன். அதனால் இந்த முறை அவள் தும்மினால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும். இவளோ இடுப்பு வலிக்கிறது, கால் வீங்குகிறது என்று டாக்டரிடம் போய், நீந்தலாம் என்று சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"உக்காந்தே இருந்தாத்தான்க்கா கஷ்டம். டாக்டரே சொல்லிட்டாங்க."

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. படப்போறது நாமதான்."

என் பேச்சை யார் கேட்டது? வாரம் மூன்று நாள், பெண்களுக்கென்று ஒதுக்கிய சாயங்கால நேரத்தில், பின்தெருவில் இருந்த நீச்சல் குளத்துக்குப் போனாள். நானும் துண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். அவள் நீந்துவாள், நான் கரையில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். தண்ணீரில் இருக்கும்போது அவள் முகத்தில் வலியே தெரியாது. உண்மையைச் சொன்னால், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்துச் சுற்று முடித்து, ஏணியைப் பிடித்து மேலே வந்தாள். துண்டை விரித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் தொடையிலிருந்து முழங்கால்வரை சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்க்க முடியாமல் அவளுக்கு வயிறு மறைத்தது. என் முகத்தைப் பார்த்தாள். தொடையைத் தடவி, விரலைப் பார்த்தாள். கத்தவில்லை.

"மறுபடியுமாக்கா?" என்றாள்.

ஈர உடைமேல் துண்டைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றினேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அசையுதா?"

"தெரியல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"தெரியலக்கா. என்னை விடுங்க."

சிக்னலில் வண்டி நின்றது. என் வாய் நிற்கவில்லை.

"புள்ளைய விடத் தண்ணிதான் உனக்குப் பெருசாப் போச்சு. இப்ப நிம்மதியா?"

ஊசி வாயடைத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உடையைக் கழற்றிவிட்டுப் போர்வை போட்டுப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா வயிற்றின்மேல் கருவியை வைத்தார். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. நகர்த்தினார். மறுபடியும் இரைச்சல். ஊசி மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தியதும் டக்டக்கென்று கேட்டது, வேகமாக, விடாமல்.

உள்ளேயும் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "ரத்தப்போக்கே இல்லையே. பாப்பா நல்லா இருக்கு. அப்ப இது என்ன சிவப்பு?"

நர்ஸ் அந்த நீச்சல் உடையை ஒரு தட்டில் போட்டிருந்தார். அதைச் சுற்றித் தேங்கிய தண்ணீரும் சிவப்பாக இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. உடை வயிற்றுக்குப் பத்தவில்லை என்று அன்று மத்தியானம் பக்கவாட்டில் பிரித்து, பட்டை வெட்டி வைத்து நானே தைத்துக் கொடுத்திருந்தேன். வெளியே கறுப்பு, உள்ளே மிச்சம் கிடந்த சிவப்பு லைனிங். வாடிக்கையாளர் துணி என்றால் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் நிற்கிறதா என்று பார்க்காமல் கத்தரியே வைக்க மாட்டேன். இவளுக்குத்தானே, இந்தக் கூத்துக்குத்தானே என்ற கடுப்பில் அப்படியே வெட்டிவிட்டேன்.

டாக்டரம்மா போனதும் சொன்னேன்.

"அது சாயம்தாம்மா. நான் வெட்டின துணி. ஊறப்போடல. தப்பு என்னோடது."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"துணி சாயம் போச்சு, சரி, விடுங்க. ஆட்டோவுல சொன்னீங்களே, அது?"

தட்டில் கிடந்த உடையை எடுத்துப் பிழியப் போனேன்.

"வியாழக்கிழமை நான் நீந்தப் போவேன்," என்றாள். "நீங்க வர வேணாம்க்கா."